விண்டோஸ் 11 போட்ட மறுநாள்: திருப்பூர்ப் பக்கத்து ஆபீஸ்களில் கேட்கிற கேள்விகள்

திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரத்தில் பனியன் கம்பெனி, ஜாப் ஒர்க் யூனிட், ஆடிட்டர் ஆபீஸ் என்று சின்னச் சின்ன இடங்களில் இருக்கிற கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. விண்டோஸ் 10-ஐ 11-ஆக மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தால் மறுநாள் காலை டீ குடிப்பதற்குள் போன் வந்துவிடும். கேள்விகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் என்பதால் மொத்தமாக இங்கே எழுதிவைத்துவிட்டேன். முக்கால்வாசித் தகராறு விண்டோஸோடு இல்லை, கம்ப்யூட்டருக்குப் பின்னால் தொங்குகிற பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், மென்பொருளுக்குச் சாவியாக யுஎஸ்பியில் செருகுகிற டாங்கிள், நெட்வொர்க் ஒயர் இவற்றோடுதான். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஏனுங்க, 10 நல்லாத்தானே ஓடுது, மாத்தியே ஆகோணுங்களா?

ஓடும், நாளைக்கும் ஓடும். 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-க்கு எல்லோருக்கும் சும்மா கொடுத்துவந்த பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். அன்று ராத்திரி எந்தக் கம்ப்யூட்டரும் படுத்துவிடவில்லை. ஆனால் கடைசியில் சொல்லியிருக்கிற நீட்டிப்புத் திட்டத்தில் சேராவிட்டால், அதற்குப் பிறகு கண்டுபிடிக்கிற ஓட்டை எதையும் உங்கள் மெஷினில் யாரும் அடைக்க மாட்டார்கள். பேங்க், ஜிஎஸ்டி, இ-வே பில் என்று தினமும் நெட்டில் இருக்கிற கம்ப்யூட்டர் என்றால் மாற்றுங்கள். எம்ப்ராய்டரி மெஷினுக்கு டிசைன் அனுப்ப மட்டும், நெட்டே இல்லாமல் மூலையில் இருக்கிற கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிடுங்கள், அதைக் கிளறினால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

என் கம்ப்யூட்டர் 11 தாங்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மைக்ரோசாஃப்ட் கொடுக்கிற பிசி ஹெல்த் செக் என்ற சின்ன மென்பொருளை ஓட்டினால் ஆகும், ஆகாது என்று சொல்லிவிடும். ஓட்டாமலே பார்க்க வேண்டுமானால் பிராசஸர் பெயரைப் பாருங்கள். இன்டெல்லில் பொதுவாக 8-வது தலைமுறையிலிருந்து, ஏஎம்டியில் பொதுவாக ரைசன் 2000 வரிசையிலிருந்து ஆகும். ஐ3-4130 என்றிருந்தால் 4-வது தலைமுறை, ஆகாது. ஐ5-8400 என்றால் 8-வது, ஆகும். ஐ3-10100 என்றால் 10-வது.

மெமரி 4 ஜிபி இருந்தால் போதும் என்று பட்டியலில் போட்டிருக்கிறார்கள். அது ஏறுவதற்குப் போதும், வேலை செய்வதற்கு அல்ல. 8 ஜிபி இல்லாமலும், பழைய சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடாமலும் மாற்றச் சொல்ல எனக்கு மனசு வராது.

பிராசஸர் சரியாக இருக்கிறது, ஆனாலும் டிபிஎம் இல்லை, செக்யூர் பூட் இல்லை என்கிறதே?

டிபிஎம் என்பது சாவிகளைப் பத்திரமாக வைக்கிற பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட் என்பது கம்ப்யூட்டர் கிளம்பும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் விடுகிற காவல், 11 இரண்டையும் கேட்கும். பெரும்பாலும் இருக்கும், அணைத்து வைத்திருப்பார்கள். கடையில் அசெம்பிள் செய்த மெஷின்களில் இது ரொம்ப சகஜம். விண்டோஸ் கிளம்புவதற்கு முன்னால் வருகிற பயாஸ் செட்டிங்ஸுக்குள் போனால் இன்டெல் போர்டில் பிடிடி என்றும் ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் ஒரு ஆப்ஷன் இருக்கும், அதை ஆன் செய்தால் டிபிஎம் வந்துவிடும்.

செக்யூர் பூட்தான் கொஞ்சம் இழுக்கும். டிஸ்க்கைப் பழைய எம்பிஆர் முறையில் பிரித்துப் போட்டிருந்தால் பயாஸில் செக்யூர் பூட்டுக்கு வேண்டிய யுஇஎஃப்ஐ முறைக்கு மாற்றிய உடனே விண்டோஸ் கிளம்பாது. அதற்கு முன்பே டிஸ்க்கை ஜிபிடி முறைக்கு மாற்றியாக வேண்டும், அதற்கான எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸ் 10-க்குள்ளேயே இருக்கிறது. ஃபைல்கள் அழியாது. ஆனால் டிஸ்க்கில் மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருந்தால் அது முடியாது என்று சொல்லிவிடும், சி, டி, இ, எஃப் என்று நாலைந்தாகப் பிரிக்கிற பழக்கம் இருந்த காலத்து டிஸ்க்குகளில் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள். பேக்கப் எடுக்காமல் இந்த வேலையில் இறங்காதீர்கள், கூட ஆள் இருந்தால் இன்னும் நல்லது.

எந்த நாளில் மாற்றலாம்?

மாதம் 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு), 20-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டுகிற கணக்கு) தாக்கல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்கிறவர்களுக்கு நம் தமிழ்நாட்டில் அது 13, 22 என்று வரும். இந்தத் தேதிகளை ஒட்டி மெஷினில் கை வைக்கவே கூடாது. சனிக்கிழமை சம்பள நாள், அன்றைக்கும் வேண்டாம். 23-ம் தேதிக்கு மேல் வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் என் கணக்கு.

இன்னொன்று, அன்றைக்கு மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு உங்கள் பீடரில் இருக்கிறதா என்று முந்தின நாள் பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள். மெஷினின் வேகம், நெட்டின் வேகம் பொறுத்து மொத்த வேலைக்கும் ஒன்றரை மணியிலிருந்து மூன்று மணி நேரம் வரை ஆகலாம். நடுவில் தானாகவே பலமுறை ரீஸ்டார்ட் ஆகும், அந்த நேரத்தில் கரண்ட் போனால் ஆபீஸ் யுபிஎஸ் பதினைந்து நிமிஷம் தாங்கும், அப்புறம் சாமிதான் துணை.

ஃபைல் எல்லாம் போய்விடுமா?

இருக்கிற விண்டோஸ் மேலேயே அப்கிரேடு செய்தால் ஃபைல், மென்பொருள், எழுத்துரு, பாஸ்வேர்டு எல்லாம் அப்படியே இருக்கும். ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டால் எதுவும் இருக்காது. கடைக்காரரிடம் கொடுக்கும்போது இரண்டில் எதைச் செய்யப்போகிறார் என்று வாயைத் திறந்து கேளுங்கள். 32 பிட் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு மேலே ஏற்றுகிற வழி கிடையாது, 11 என்பதே 64 பிட்டில் மட்டும்தான் வருகிறது, அதனால் ஃபார்மட்தான்.

ஸ்டார்ட் பட்டனைக் காணோம். அப்பாருக்குப் பேப்பர் படிக்கத் தெரியவில்லை என்று ஒரே சத்தம்.

நடுவில் போய் உட்கார்ந்திருக்கும். டாஸ்க்பாரில் ரைட் கிளிக் செய்து செட்டிங்ஸ் போய், அலைன்மெண்ட் என்ற இடத்தில் லெஃப்ட் என்று மாற்றுங்கள். அதே பக்கத்தில் 'கம்பைன்' என்று ஒன்று இருக்கும், அதை 'நெவர்' என்று வைத்தால் திறந்திருக்கிற ஃபைல்கள் பழையபடி பெயரோடு தனித்தனியாகத் தெரியும். 11 வந்த 2021-இல் இந்த வசதியை எடுத்துவிட்டிருந்தார்கள், ஜனங்கள் திட்டின திட்டில் 2023-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்த இரண்டையும் செய்துவிட்டால் பாதிப் பேருக்கு 10-க்கும் 11-க்கும் வித்தியாசமே தெரிவதில்லை.

ரைட் கிளிக் செய்தால் வேண்டியது ஒன்றும் வரவில்லையே?

ஷிஃப்ட் கீயை அமுக்கிக்கொண்டே ரைட் கிளிக் செய்யுங்கள், பழைய நீளமான மெனு வரும். கட், காப்பி, பேஸ்ட், ரீநேம் இவையெல்லாம் புது மெனுவில் படங்களாக ஒரு வரிசையில் போய்விட்டன, அதனால் கண்ணுக்குத் தட்டுப்படாது.

டெலிவரி சலான் பிரிண்ட் போட்டால் ஒரு சலானுக்கு அரைப் பக்கம் சும்மா ஓடுது. என்ன செய்யோணும்?

திருப்பூரில் எனக்கு வருகிற போன்களில் முதல் இடம் இதற்குத்தான். டையிங்குக்குத் துணி அனுப்புகிறவர்களும், நிட்டிங் யூனிட்டில் ரோல் எடை போட்டுச் சலான் அடிக்கிறவர்களும் இன்னும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை விடவில்லை. கார்பன் வைத்த மூன்று காப்பியை லேசர் பிரிண்டர் அடிக்காது, அதனால் விடவும் மாட்டார்கள், விடவும் வேண்டாம்.

நடப்பது இதுதான். சலான் தாள் ஏ4 அளவில் இருக்காது, பத்துக்கு ஆறு அங்குலம் என்ற மாதிரி தனி அளவு. எப்போதோ ஒருவர் வந்து அந்த அளவைப் பிரிண்டரில் ஒரு ஃபார்மாக உருவாக்கி வைத்திருப்பார். அப்கிரேடு ஆகும்போது டிரைவர் புதிதாக ஏறினால் பிரிண்டர் மறுபடி ஏ4-க்கோ லெட்டருக்கோ போய்விடும். அப்போது ஆறு அங்குலத்தில் சலான் முடிந்தாலும் பிரிண்டர் ஏ4 முடிகிற வரைக்கும் தாளைத் தள்ளிக்கொண்டே போகும், அடுத்த சலான் தலைப்பு துளைக்கோட்டுக்கு மேல் பாதி கீழ் பாதியாக அடிக்கும்.

செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தின் அடியில் பிரிண்ட் சர்வர் பிராபர்ட்டீஸ் என்று இருக்கும். அதைத் திறந்து, ஃபார்ம்ஸ் தாவலில் புது ஃபார்ம் உருவாக்கி, அகலம் உயரம் கொடுத்து, 'சலான்' என்று பெயர் வைத்துச் சேமியுங்கள். ஸ்கேலை எடுத்துத் தாளை நிஜமாகவே அளங்கள், இரண்டு பக்கமும் இருக்கிற துளைப் பட்டையையும் சேர்த்தா சேர்க்காமலா என்பதைப் பிரிண்டருக்குத் தகுந்த மாதிரி ஒரு தாள் அடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். பிறகு அந்தப் பிரிண்டரின் பிரிண்டிங் பிரிஃபரன்ஸில் இந்த ஃபார்மைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிரிண்டர் பிராபர்ட்டீஸில் அட்வான்ஸ்ட் தாவலில் இருக்கிற பிரிண்டிங் டிஃபால்ட்ஸ் என்கிற இடத்திலும் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால் வேறு யூசர் உள்ளே வந்தவுடன் மறுபடி ஏ4.

அதோடு 'டிஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்' என்ற அர்த்தத்தில் ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். அது கடைசியாக எதில் பிரிண்ட் போட்டீர்களோ அதையே டிஃபால்ட் ஆக்கும். காலையில் ஒருத்தர் லேசரில் ஆதார் காப்பி எடுத்தால் மத்தியானம் சலான் லேசரில் போய் வந்து நிற்கும்.

மெயின் கம்ப்யூட்டரில் இருக்கிற டேலி டேட்டா மற்ற கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. டேலி கெட்டுப்போச்சுங்களா?

டேலி பாவம், அதன் மேல் பழி போடாதீர்கள். ஷேரிங்தான் அடைபட்டிருக்கும்.

நம் ஊர் ஆபீஸ்களில் வழக்கமாகச் செய்து வைத்திருப்பது, மெயின் கம்ப்யூட்டரின் டி டிரைவை 'எவ்ரிஒன்' என்று போட்டு, பாஸ்வேர்டு இல்லாமல் ஷேர் செய்துவிடுவது. யார் வேண்டுமானாலும் வந்து எடுக்கலாம், எழுதலாம், ஒரு வைரஸ் வந்தாலும் அதுவும் வந்து எழுதலாம். 2024 அக்டோபரில் வெளியான 24ஹெச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11 ப்ரோ இப்படி விருந்தாளியாக, அடையாளம் சொல்லாமல் இன்னொரு கம்ப்யூட்டருக்குள் போவதை இயல்பாகவே மறுக்கிறது. அனுப்புகிற ஒவ்வொரு தகவலுக்கும் கையெழுத்து வேண்டும் என்றும் கேட்கிறது, விருந்தாளிக்குக் கையெழுத்துக் கிடையாது. அதனால்தான் நேற்றுவரை திறந்த ஃபோல்டர் இன்றைக்குத் திறப்பதில்லை. ஹோம் பதிப்பில் இந்த அளவு கெடுபிடி இல்லை, அதனால் ஒரே ஆபீஸில் ஒரு மெஷினில் திறக்கும் இன்னொன்றில் திறக்காது, பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் பிடிக்கும்.

இதற்கு நெட்டில் தேடினால் விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கிற ரெஜிஸ்ட்ரியில் போய்ப் பூட்டைத் திறந்துவிடச் சொல்லும் வீடியோக்கள் வரிசையாக வரும். செய்யாதீர்கள். மெயின் கம்ப்யூட்டரில் 'கணக்கு' என்று ஏதோ ஒரு பெயரில் ஒரு யூசர் உருவாக்கி, பாஸ்வேர்டு வையுங்கள். கட்டாயம் வைக்க வேண்டும், பாஸ்வேர்டு காலியாக இருக்கிற யூசரை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. அப்புறம் டேட்டா இருக்கிற ஃபோல்டரை மட்டும் அந்த யூசருக்கு ஷேர் செய்யுங்கள், முழு டிரைவையும் வேண்டாம். மற்ற கம்ப்யூட்டர்களில் முதல்முறை திறக்கும்போது பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும், ஞாபகம் வைத்துக்கொள் என்பதை டிக் செய்துவிட்டால் அதன்பிறகு கேட்காது. நாலு மெஷின் இருக்கிற ஆபீஸில் டீ வருவதற்குள் முடிகிற வேலை.

டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் வேலை செய்யவில்லை.

டோக்கனின் டிரைவரைப் புதிதாக இறக்கி மறுபடி போடுங்கள், ஜிஎஸ்டி தளத்தில் டோக்கன் கையெழுத்துப் போட வேண்டிய எம்சைனர் மென்பொருளையும் நீக்கிவிட்டு மறுபடி போட்டு, அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டிப் பாருங்கள். முக்கால்வாசி இதிலேயே சரியாகிவிடும். பதட்டத்தில் பின் நம்பரைத் தப்பும் தவறுமாகப் போட்டுக்கொண்டே போகாதீர்கள், டோக்கன் லாக் ஆனால் வேலை இரட்டிப்பு. தனியுரிமையாளர் என்றால் ஓடிபி வைத்தே தாக்கல் செய்துவிடலாம், பிரைவேட் லிமிடெட், எல்எல்பி என்றால் டோக்கன் இல்லாமல் ஆகாது. அதனால்தான் 20-ம் தேதிக்கு முன்னால் கை வைக்காதே என்று மேலே அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

எம்ப்ராய்டரி சாஃப்ட்வேர் டாங்கிளைக் கண்டுபிடிக்க மாட்டேன் என்கிறது.

பேட்டர்ன் போடுகிற, எம்ப்ராய்டரி டிசைன் செய்கிற மென்பொருள்களின் யுஎஸ்பி டாங்கிள்களுக்குப் பழைய டிரைவர் இருந்தால் 11-இல் தகராறு வரும். மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒரு பாதுகாப்பு வசதி பழைய டிரைவர்களை உள்ளே விடாது. மாற்றுவதற்கு முன்பே மென்பொருள் விற்றவருக்குப் போன் போட்டு, 11-க்கான டாங்கிள் டிரைவர் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால் அந்த மெஷினை மாற்றாதீர்கள்.

தமிழ் டைப் செய்வது?

விண்டோஸ் 11-க்குள்ளேயே தமிழ்99, அஞ்சல் இரண்டு கீபோர்டும் இருக்கின்றன. செட்டிங்ஸில் மொழிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதன் ஆப்ஷனில் வேண்டிய கீபோர்டைச் சேருங்கள். விண்டோஸ் கீயும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறும். ரூபாய்க் குறிக்கு இங்கிலீஷ் இந்தியா கீபோர்டு வைத்துக்கொண்டு கன்ட்ரோல், ஆல்ட், 4.

ஃபார்மட் செய்து போட்டவர்கள் இரண்டு விஷயத்தில் தடுமாறுவார்கள். லதா எழுத்துருவில் அடித்த பழைய வேர்டு ஃபைல்கள் வேறு எழுத்துருவில் திறந்து பக்கம் ஓடிவிடும். ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பக்கத்தில் தமிழ் சப்ளிமெண்டல் ஃபாண்ட்ஸ் என்று இருப்பதை இறக்கினால் லதா வந்துவிடும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்த காதுகுத்துப் பத்திரிகை, ஊர்க்கோயில் நோட்டீஸ் எல்லாம் அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும், பயப்பட வேண்டாம், எழுத்துருவைப் போட்டால் தமிழ் திரும்பிவிடும். டிடிபி சென்டர் வைத்திருப்பவர்கள் ஃபார்மட்டுக்கு முன்னால் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் எடுத்துவிடுங்கள்.

லேப்டாப் 48 இலக்க நம்பர் ஒன்று கேட்கிறது. எங்கே போவேன்?

பிட்லாக்கர் ரெக்கவரி கீ. டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது, பயாஸில் எதையாவது மாற்றினால் திருடன் வந்துவிட்டானோ என்று அது சந்தேகப்பட்டுச் சாவி கேட்கிறது. லேப்டாப்பை முதன்முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் திறந்தீர்களோ அதில் வேறு கம்ப்யூட்டரிலிருந்தோ போனிலிருந்தோ லாகின் செய்தால் சாவி இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், வாங்கின அன்று கடைப் பையன் ஏதோ ஒரு மெயில் ஐடி உருவாக்கித் திறந்து கொடுத்திருப்பான், அது என்ன ஐடி என்று யாருக்கும் தெரியாது. சாவி இல்லையென்றால் டேட்டாவை எடுக்க ஒருத்தராலும் முடியாது, என்னாலும் முடியாது. ஆகவே பயாஸில் கை வைப்பதற்கு முன் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் சாவியை ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள்.

டெஸ்க்டாப் ஃபைல் எல்லாம் ஒன்டிரைவுக்குப் போய்விட்டது என்கிறார்கள்?

அப்கிரேடு முடிந்து திறக்கும்போது 'பேக்கப் எடுத்துக்கொள்ளட்டுமா' என்று கேட்பதற்கு ஓகே அடித்திருப்பீர்கள். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், படங்கள் மூன்றும் நெட்டுக்கு ஏறும். இலவச இடம் 5 ஜிபிதான், சாம்பிள் போட்டோக்கள் வைத்திருக்கிற மெர்ச்சண்டைசர் மெஷின் என்றால் ஒரே நாளில் நிறைந்து, இடம் இல்லை என்று கத்த ஆரம்பிக்கும். வேண்டாமென்றால் ஒன்டிரைவ் செட்டிங்ஸில் பேக்கப்பை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு ஃபைல்கள் கம்ப்யூட்டரில் திரும்ப இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அப்புறம் நெட்டில் இருப்பதை அழியுங்கள். வரிசை மாறினால் இரண்டு பக்கமும் போய்விடும்.

முன்னைவிட ஸ்லோவாக இருக்கிறதே?

முதல் நாள் அப்படித்தான், உள்ளே ஃபைல்களையெல்லாம் மறுபடி அட்டவணை போட்டுக்கொண்டிருக்கும். இரண்டு நாள் பாருங்கள். அப்புறமும் இழுத்தால் ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள்.

நல்லதாக ஒன்றுமே இல்லைங்களா?

இருக்கிறது. மேக்ஸிமைஸ் பட்டன் மேல் மவுஸை வைத்தால் திரையைப் பிரித்துக்கொள்ளப் படம் காட்டும், ஒரு பக்கம் பையர் அனுப்பிய ஆர்டர் ஷீட், இன்னொரு பக்கம் எக்செல் என்று வைத்து அடிக்கிறவர்கள் இதைப் பழகின பிறகு விடமாட்டார்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டேப் வந்துவிட்டது. நோட்பேடில் எழுதிச் சேமிக்காமல் மூடினாலும் திறந்தால் அப்படியே இருக்கிறது, இது ஒன்றுக்காகவே எனக்கு 11 பிடிக்கும். வேர்ட்பேடை மட்டும் 24ஹெச்2-இல் எடுத்துவிட்டார்கள், யாரும் தேடியதாகத் தெரியவில்லை.

பிடிக்கவில்லை, பழையபடி 10 வேண்டும்.

பத்து நாளுக்குள் என்றால் செட்டிங்ஸில் ரெக்கவரி பக்கத்தில் 'கோ பேக்' என்று இருக்கும், ஃபைல்கள் போகாது. பத்து நாள் தாண்டினால் பழைய விண்டோஸ் இருந்த ஃபோல்டரைத் தானாகவே அழித்துவிடும், பிறகு ஃபார்மட்தான். அந்தப் பத்தை கமாண்ட் பிராம்ப்டில் அடிக்கிற டிஸ்ம் என்ற கட்டளை வழியாக 60 நாள் வரை நீட்டலாம், ஆனால் கெடு முடிவதற்குள் செய்ய வேண்டும். இடம் பத்தவில்லை என்று டிஸ்க் கிளீனப் ஓட்டி 'விண்டோஸ் ஓல்டு' ஃபோல்டரைக் காலி செய்கிறவர்களுக்கு இந்த வழி உடனே அடைபட்டுவிடும்.

4-வது தலைமுறை மெஷின், ஆகாது என்று சொல்லிவிட்டது. ஒருத்தர் ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் ஏற்றித் தருகிறேன் என்கிறார்.

ஏற்றலாம், ரூஃபஸ் என்ற கருவியில் சோதனையைத் தாண்டிப் போகிற வழி இருக்கிறது. ஆனால் அப்படி ஏற்றின மெஷினுக்கு அப்டேட் தருவதற்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்பதில்லை, வருடாந்திரப் பெரிய அப்டேட் ஒவ்வொன்றுக்கும் அதே ஆளைத் தேடிப் போக வேண்டும். கோர் 2 டுவோ காலத்து மெஷின்களில் 24ஹெச்2 கிளம்பவே கிளம்பாது, அந்தப் பிராசஸரில் அதற்கு வேண்டிய கட்டளைகளே இல்லை. வீட்டில் பாட்டு கேட்க என்றால் உங்கள் இஷ்டம், கம்பெனிக் கணக்கு இருக்கிற மெஷினில் வேண்டாம்.

அதற்குப் பதில் விண்டோஸ் 10-க்கே 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டித்துத் தரும் திட்டம் இருக்கிறது. 22ஹெச்2 பதிப்பாக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வேண்டும். செட்டிங்ஸை அந்த அக்கவுண்டோடு ஒத்திசைத்தால் காசு இல்லை, இல்லையென்றால் 1000 ரிவார்ட்ஸ் பாயின்ட் அல்லது 30 டாலர். ஒரு முறை வாங்கியதைப் பத்து மெஷின் வரை பயன்படுத்தலாம்.

டேலி வேண்டாம், பிரவுசரும் கடிதம் அடிப்பதும் போதும் என்கிற மெஷினாக இருந்தால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுவிடுங்கள், பழைய ஐ3-யில் நன்றாகவே ஓடும், தமிழ்99-உம் கிடைக்கும். பென் டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கலாம். அப்படி ஓட்டும்போதே உங்கள் பிரிண்டர் அடிக்கிறதா என்று ஒரு தாள் போட்டுப் பார்த்துவிடுங்கள்.